என் பேஸ் கிற்றாரும் மாமாவின் எஞ்சினும்

இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பவன் கலியாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. எல்லாப் படத்திலும் இருப்பான், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஊர்க்காவற்றுறையில் நாங்கள் நான்கு பேர் ‘சூறாவளி’ என்ற ரொக் குழுவை நடத்திய காலத்தில் என் நிலைமை இன்னும் மோசம். பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் பாடகனின் இருமல்கூடக் கேட்கும். என் வாசிப்பு மட்டும் கேட்காது.

சமாதான காலம் அது. பிலோமினாவை நான் விரும்பினேன், அவளுக்கும் சம்மதம். எழுவைதீவில் மீன்பிடிக்கும் அவளுடைய தகப்பன் அந்தோனிப்பிள்ளைதான், “பெடியன் என்ன செய்யிறான்?” என்று கேட்டாராம்.

“பேஸ் வாசிக்கிறார்.”

“அப்பிடியெண்டால்?”

அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. (எனக்கும்தான்.) எங்கள் ஊர்க் கோயில் பெருநாள் மாலையில் நாங்கள் செய்யும் கச்சேரியைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டார்.

அன்று என் வாசிப்பு கேட்டே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து அலுமாரி அளவில் ஒரு பேஸ் ஒலிபெருக்கிப் பெட்டியை இறக்கினேன். மேடையில் இடமில்லை. “பின்னாலை, இறங்குதுறைப் பக்கம் வையடா” என்றான் எங்கள் பாடகன் றொபேட். வைத்தேன்.

அந்தோனிப்பிள்ளை தன் வள்ளத்திலேயே வந்து, அதை இறங்குதுறையில் கட்டிவிட்டு முன்வரிசையில் இருந்தார். அப்போதுதான் அதற்குப் புது எஞ்சின் பூட்டியிருந்தார். பெருநாளன்று எங்கள் பகுதியில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். (பெரிய கலைஞர்கள் அப்படித்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.) பின்னாலிருந்து டுப் டுப் டுப் என்று சத்தம் எழும்பியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

“ஐயோ, ஆரோ என்ரை எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணிறாங்கள்!”

அது அந்தோனிப்பிள்ளையின் குரல் என்று பிறகுதான் தெரிந்தது. என் காதில் விழுந்தது ஒரு கூச்சல் மட்டுமே. கதிரைகள் சரிந்தன. சனம் ஆட எழும்பிவிட்டது என்று நினைத்து, சத்தத்தை இன்னும் கூட்டினேன். அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்களாம்.

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால் முன்னால் ஒரு ஆம்பிளையும் இல்லை. பிலோமினா முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அந்தோனிப்பிள்ளை இடுப்பளவு நனைந்த சாரத்தோடு திரும்பி வந்தார்.

“எஞ்சின் சும்மா கிடக்கு. பிறகு என்ன சத்தம் அது?”

றொபேட் துரோகி, என்னைக் காட்டினான்.

“ஒருக்கா வாசியும், பாப்பம்.”

ஒரு தந்தியைத் தட்டினேன். டுப். அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதைக் கேக்கத்தானோ என்னைக் கூப்பிட்டனீர்?”

“ஓம் மாமா.” (பயத்தில் வாய் தவறிவிட்டது.)

“இதை விட்டிட்டு வள்ளத்துக்கு வாரும். பிள்ளையைத் தாறன்.”

விட்டேன். ‘சூறாவளி’ அதன் பிறகும் நெடுங்காலம் பேஸ் இல்லாமலே வாசித்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

கடலுக்குப் போகப் பஞ்சியாக, சோம்பலாக இருக்கும் நாட்களில் மாமா இப்போதும் மனைவிக்கும் மகளுக்கும் கேட்கக்கூடியதாகவே சொல்வார்:

“மருமோன், அந்தக் கிற்றாரை எடுத்து வாசியும். நாங்கள் கடலுக்கு வெளிக்கிட்டிட்டம் எண்டு இவையள் நினைக்கட்டும்.”