சிவப்புக் கோட்டுக்குள் ஒரு கார்

"நம்ம தெருவும் சிவப்பா?" என்று கேட்டார் வரைபடக்காரர்.

கேள்வி தம்மிடமேதான். ஏனெனில் அந்தச் சிவப்புக் கோட்டை ஐந்து நிமிடங்களுக்கு முன் வரைந்து முடித்தவர் அவரே.

மாநகரப் போக்குவரத்து அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னலோரச் சாய்மேசையில், பத்தொன்பது ஆண்டுகளாக அவர் செய்துவரும் பணி இது. நகரத் திருவிழாவின் அலங்கார வண்டி ஊர்வலத்துக்காக எந்தெந்தத் தெருக்களை அடைப்பது என்பதை வரைபடத்தில் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் அடைப்பு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு விழும் தடுப்பு, ஞாயிற்றுக்கிழமை இரவுதான் எழும். அதுவரை சிவப்புக்குள் அகப்பட்ட எந்த வண்டியும் அசைய முடியாது.

அவர் காரோ சனிக்கிழமை விடியற்காலை அசைந்தே ஆக வேண்டியிருந்தது.

திருமணமான முதல் மாதத்தில், "உனக்கு எதைப் பாக்கணும்னு ஆசை?" என்று மனைவியிடம் கேட்டிருந்தார். அவள் சற்று யோசித்தாள். எதிர்ச் சுவரில் தொங்கிய, மலைப் படம் போட்ட நாட்காட்டியைப் பார்த்தாள். "பனிமலை," என்றாள். அந்த ஒரு சொல் அவர் மனத்தில் அரசாணைபோல் பதிந்துவிட்டது. மூன்று முறை பயணம் வகுத்தார். ஒரு முறை கார் படுத்துக்கொண்டது. ஒரு முறை அவரே மஞ்சள் காமாலையில் படுத்துக்கொண்டார். மூன்றாம் முறை பனி விழவில்லை. இப்போது பனி விழுந்திருந்தது. திருவிழா நாட்களில் அவருக்கு ஒருபோதும் கிடைக்காத விடுப்பும், பத்தொன்பதாண்டு மன்றாடலுக்குப் பின், சனி ஞாயிறுக்குக் கிடைத்திருந்தது. மலையடிவாரச் சோதனைச் சாவடியைப் பகல் பதினொரு மணிக்குமேல் திறக்கமாட்டார்கள். அடுத்த வாரம் கனத்த பனி என்று வானிலை அறிக்கை சொன்னது. அது விழுந்தால் மூன்று மாதத்துக்குச் சாலை மூடப்படும். ஆக, இந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு நாளில்லை. நான்காம் முறையும் வாக்குத் தவறினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவரை வாட்டியது.

அவர் சிவப்புக் கோட்டை உற்றுப் பார்த்தார். ஊர்வலம் திரும்பிவரும் பாதை அவர் தெரு வழியே போயிற்று. பக்கத்திலேயே ஆஸ்பத்திரித் தெரு, அகலமாக, காலியாக, யாருக்கும் பயனின்றிக் கிடந்தது.

வாழ்நாளில் முதல் முறையாக அவர் அழிப்பானைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினார்.

அன்று மாலை வீட்டில் பயணத் தயாரிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மனைவியின் தம்பி கூடத்தின் நடுவில் டயர் சங்கிலிகளைப் பரப்பிவைத்து விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருந்தான். மலைச் சாலை பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை. கார் ஓட்ட மட்டும் தெரியாது.

"அத்தான், பனியில பிரேக்கை அமுக்கவே கூடாது. அமுக்கினீங்க, போச்சு!"

"அமுக்காம எப்படிடா நிறுத்தறது?"

"நிறுத்தறதப் பத்தி நினைக்கவே கூடாது. அதுதான் சூட்சுமம்."

மனைவி கம்பளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி மூன்றாம் எண்ணுக்குப் போனாலே போர்வை தேடுகிறவள் அவள். "என்னங்க, வழக்கம்போல நம்ம தெருவை அடைக்கப் போறாங்கன்னு எதிர்வீட்ல சொன்னாங்களே?"

"அதெல்லாம் மாத்தியாச்சு. ஆஸ்பத்திரித் தெரு வழியா விட்டுட்டேன்."

"அப்படியா?" என்றாள் அவள், ஒரு கையுறைக்கு அதன் ஜோடியைத் தேடியபடி.

அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. வரைபடத்தின் வரைவை மாலையில் வாசலில் ஒட்டுவார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் மறுநாள் காலை பத்து மணிக்குள் தபால் ஜன்னலில் கொடுக்கலாம். பத்தொன்பது ஆண்டுகளில் மொத்தம் இரண்டே ஆட்சேபணைகள்தாம் வந்திருந்தன. இரண்டிலும், ஊர்வலம் தங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை என்றே கேட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்தேகால் மணிக்குத் தபாலம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். ஜன்னலில் கடிதங்களை வாங்கி முத்திரை குத்துவது அவர் வேலை.

"சார், ஆட்சேபணை வந்திருக்கு!" என்றார், குழந்தை பிறந்த செய்தி சொல்பவர்போல.

ஆஸ்பத்திரியின் பின்வாசல் அந்தத் தெருவில்தான் திறக்கிறது. ஊர்வலம் வந்தால் ஆம்புலன்ஸ் நுழைய முடியாது. காவலாளி முதல் தலைமை நர்ஸ்வரை பதினொரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். கூடவே கையால் வரைந்த ஒரு படம். வரைபடக்காரர் தம் கவலையையும் மறந்து அதைக் கையில் ஏந்தினார். அளவு பிசகவில்லை. மேல்மூலையில் வடக்குக் குறி. அதன் அடியில் ஒரு சிறு வட்டம்.

"பாருங்கம்மா, வடக்குக் குறி! நான் போடற மாதிரியே வட்டத்தோட. இப்பெல்லாம் யாரு இவ்வளவு அக்கறையா படம் போடறாங்க?"

"தொழில் தெரிஞ்சவங்க போலிருக்கு சார்," என்றார் தபாலம்மா.

பாதை தீயணைப்பு நிலையத் தெருவுக்கு மாறியது. புதன்கிழமை காலை இரண்டாம் ஆட்சேபணை வந்தது: நிலையத்து வாசலில் தீயணைப்பு வண்டி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பதை வளைகோட்டுடன் விளக்கும் படம் இணைக்கப்பட்டிருந்தது. பாதை பள்ளிக்கூடத் தெருவுக்கு மாறியது. வியாழக்கிழமை காலை மூன்றாம் ஆட்சேபணை வந்தது: பள்ளி முகப்பு வளைவின் உயரம் பதினான்கு அடி, அலங்கார வண்டியின் உயரம் பதினாறு அடி. இம்முறை முன்தோற்றப் படம். வளைவில் இடித்து நிற்கும் வண்டியின்மேல், தலையில் கைவைத்தபடி ஒரு சின்ன மனித உருவமும் வரையப்பட்டிருந்தது.

"இந்த ஆள மட்டும் நேர்ல பாத்தேன்னா..." என்று வரைபடக்காரர் பல்லைக் கடித்தார். பிறகு நியாய உணர்வு உந்த, "கை குடுத்துட்டுதான் திட்டுவேன்," என்றார்.

மேலதிகாரி அவரை அழைத்தார். மேசையில் மூன்று படங்களும் விரிந்து கிடந்தன.

"என்னய்யா, பத்தொன்பது வருஷமா ஒரு கோடு கோணினது கிடையாது. இந்த வருஷம் என்ன, ஊர்வலத்தைக் கூட்டிட்டு ஊரெல்லாம் அலையறே?"

"பொதுமக்கள் நலன் சார்..."

"மிச்சம் எந்தத் தெரு இருக்கு?"

மேலதிகாரியின் விரல் வரைபடத்தில் ஊர்ந்து, வரைபடக்காரரின் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

"இதுக்கென்ன குறைச்சல்? ஆஸ்பத்திரி இல்ல, ஸ்கூல் இல்ல. முதல்லயே இதைத்தானே போட்டிருந்தே? அதோட, நீ மாத்தி மாத்தி மூணு நாள் போயிடுச்சு. அலங்கார வண்டிகளை நிறுத்த வேற இடம் பாக்க நேரமில்ல. இன்னிக்கு ராத்திரியிலேருந்தே அந்தத் தெருவுல நிறுத்தச் சொல்லிடு."

வெள்ளி மாலை அடைபடவிருந்த தெரு, அவருடைய முயற்சியால், ஒரு நாள் முன்னதாகவே அடைபட்டது.

அலுவலகத்திலிருந்து ஏறக்குறைய ஓடிவந்தார்.

"காரை இப்பவே வெளிய எடுத்தாகணும்! வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மைதானம் இருக்கே, அங்க நிறுத்திடறேன். அது சிவப்புக்கு வெளிய. சனிக்கிழமை காலையில நடந்துபோய் ஏறிக்கலாம்."

"வாய்க்கால் மைதானமா?" என்றாள் மனைவி.

"அங்கதான். அந்தப் பக்கம் எவனும் எட்டிப்பாக்கமாட்டான்."

"சரிங்க, பாத்து ஓட்டுங்க."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. வரைபடக்காரர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து ஐந்து. பத்துப் பத்து. யாரும் வரவில்லை. பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தபோது, தபாலம்மாவின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது.

"இது ஆட்சேபணை இல்ல சார்," என்றார் அவர் ஆறுதலாக. "கோரிக்கை."

குடிநீர் லாரிகளுக்கும் முதலுதவி வண்டிகளுக்கும் எங்குமே இடம் ஒதுக்கப்படவில்லை. வாய்க்கால் மைதானம் அதற்கு மிகப் பொருத்தம். கையெழுத்திட்டவர்கள் நாற்பத்திரண்டு பேர். மைதானத்தின் படமும் இருந்தது. ஓரத்தில், வேப்பமரத்தடியில் நின்ற ஒரே ஒரு கார்கூடச் சரியான அளவில் வரையப்பட்டிருந்தது.

"அற்புதமான யோசனை!" என்றார் மேலதிகாரி. "இது ஏன்யா உனக்குத் தோணல? உடனே சிவப்பு அடி."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஒரு காருக்காக ஓர் ஊர்வலத்தை மூன்று முறை இடம் மாற்றிய கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும். அவர் பேனாவை எடுத்தார். நேர்த்தியான சாய்கோடுகளால், சீரான இடைவெளியில், தம் காரின் தலையில் தாமே சிவப்பு அடித்தார். இறுதி வரைபடம் அச்சாகிக் கையெழுத்தாகி அவர் வெளியே வந்தபோது மணி ஏழு. தடுப்புகள் விழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை மைத்துனன் மட்டும் தளரவில்லை.

"லாரிக்காரங்ககிட்ட நான் பேசறேன் அத்தான். முதல்ல காருகிட்ட போவோம். கம்பளியெல்லாம் மாட்டிக்கங்க, பையில வச்சாத்தான் இடம் அடைக்கும், உடம்புல போட்டா அடைக்காது."

கொளுத்தும் வெயிலில் மூவரும் புறப்பட்டார்கள். காதை மூடிய குல்லாய், கழுத்துத் துண்டு, முழங்கால்வரை காலணி. மைத்துனன் தோளில் டயர் சங்கிலி மாலையாகத் தொங்கியது. தெருமுனையைத் திரும்பியதும் விசில் ஊதிக்கொண்டு ஒரு தொண்டர் ஓடிவந்தார்.

"இவ்வளவு லேட்டா வந்தா எப்படி? பதினேழாம் நம்பர் வண்டிக்குப் பின்னாடி நில்லுங்க! நடங்க, நடங்க!"

"நாங்க ஊர்வலம் இல்லீங்க, மலைக்குப் போறோம்," என்றார் வரைபடக்காரர்.

"தெரியுது, தெரியுது. பனிமலைக் குடும்பம். பிரமாதமா வேஷம் கட்டியிருக்கீங்க. நடுங்கிட்டே நடங்க!"

பின்னால் பதினெட்டாம் எண் வண்டி ஒலிப்பானை அலறவிட்டது. வேறு வழியில்லை, நடந்தார்கள். இருபுறமும் கைதட்டல். ஒரு குழந்தை, "அய்யோ பாவம், அவங்களுக்குக் குளுருது!" என்று கத்தியது. வியர்வையில் நனைந்த வரைபடக்காரர், தாம் வரைந்த சிவப்புக் கோட்டின்மீது, ஆஸ்பத்திரித் தெருமுனை, தீயணைப்பு நிலையம், பள்ளி வளைவு எல்லாவற்றையும் ஓரமாகப் பார்த்துக்கொண்டே தம் வாசலுக்கே திரும்பிவந்து சேர்ந்தார். அங்கே போட்டிருந்த மேடையில் சிறந்த வேடத்துக்கான மூன்றாம் பரிசாக ஒரு கோப்பையை அவர் கையில் திணித்தார்கள். மைத்துனன் அதை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குக் கையசைக்கப் போய்விட்டான்.

நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்ததும் அவர் குல்லாயைக் கழற்றினார்.

"என்னை மன்னிச்சிடு. எல்லாம் என்னாலதான். நான்தான் பாதையை மாத்தினேன். மாத்த மாத்த எவனோ ஒருத்தன் படம் போட்டே என்னைக் கொன்னுட்டான். இந்த வருஷமும் உனக்குப் பனியைக் காட்ட முடியல."

கம்பளிச் சட்டையோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவி ஒரு கணம் நிறுத்தினாள். "எவனோவா?" என்றாள். பிறகு, "படம் நல்லாயிருந்துச்சா?" என்று கேட்டாள்.

"அதுதான் வயித்தெரிச்சல். ரொம்ப நல்லாயிருந்துச்சு."

அப்போது தொலைபேசி ஒலித்தது. மலையில் அறை பதிவுசெய்திருந்த விடுதிக்காரர்.

"சார், எங்க இருக்கீங்க? கிளம்பிடலையே?"

"இல்லீங்க..."

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க. அடுத்த வாரம்னு சொன்ன பனி நேத்து ராத்திரியே கொட்டிடுச்சு. சாவடிக்கு மேல எழுபது வண்டி மாட்டிக்கிச்சு. எங்களுக்கே தண்ணி குழாயில உறைஞ்சு கிடக்குது. வந்திருந்தீங்கன்னா பத்து நாளைக்கு இறங்கியிருக்க முடியாது சார்!"

வரைபடக்காரர் தொலைபேசியை மடியில் வைத்தார். ஒரு வாரமாகத் தோளில் உட்கார்ந்திருந்த மலை இறங்கிப் போனாற்போல் இருந்தது. எழுபது வண்டிகளில் தம் கார் இல்லை. அது வேப்பமரத்தடியில், இரண்டு குடிநீர் லாரிகளுக்கு நடுவே, பத்திரமாக இருக்கிறது. அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். எங்கோ ஒரு வண்டியிலிருந்து வெள்ளைக் காகிதத் துகள்களை விண்ணில் வெடிக்கவிட்டார்கள். அவை மெல்ல இறங்கி அவள் குல்லாயில் படிந்தன.

"பத்தொன்பது திருவிழாவும் நீங்க ஆபீஸ்லதான்," என்றாள் மனைவி. "நான் ஜன்னல்ல நின்னு தனியாப் பாப்பேன். இப்பத்தான் உங்க பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தபாலம்மா வந்தார். கையில் ஓர் ஊதல், முகமெல்லாம் சிரிப்பு.

"சார், நீங்க மலைக்குப் போகலையா?" என்றவர், பக்கத்தில் குல்லாய்க்குள்ளிருந்த முகத்தைக் குனிந்து பார்த்து வாயில் கைவைத்தார். "அட, இவங்கதான் உங்க வீட்டம்மாவா சார்? தெரியாமப் போச்சே! தெரிஞ்சிருந்தா நாலு நாளும் காலையில அந்தப் படத்தைக் கையில வச்சுக்கிட்டு வரிசையில நிக்க விட்டிருப்பேனா?"