நாக்கரசர் கூழை ருசி பார்த்தார்

மேல்வாய் மண்டபத்தில் அன்று கூடியிருந்தவர்கள்: உடல்நாட்டு மன்னர் நாக்கரசர். பற்பிரபுக்கள் முப்பத்திரண்டு பேர். அவர்களில் நால்வர் கடைசியாக வந்து, மூலையில் இடம் பிடித்து, ஒரு நாளும் வேலை செய்யாதவர்கள். ஆலோசகர் குடல்வாலார், அவர் எதற்காக இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. களஞ்சியத் தலைவர் ஈரலப்பர். நாற்காலி இல்லாமல் நின்றவன், இரைப்பையூரின் கீழ்க்கதவுக் காவலன் மாசானம்.

மேலிருந்து வரும் சோற்றை இரைப்பையூரார் அமிலத்தில் புரட்டிக் கூழாக்குவார்கள். மாசானம் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்ப்பான். பருக்கை தட்டினால் திருப்பி அனுப்புவான். தட்டாவிட்டால் கதவைத் திறந்து ஒரு கை அளவு விடுவான். அந்தப்புறம் சிறுகுடல் தெரு. அவன் மனைவி பேச்சித்தாயும் லட்சக்கணக்கான உறிஞ்சிகளும் அந்தக் கூழிலிருந்து சத்தைப் பிரித்து, இரத்த ஆற்றில் ஏற்றி நாடு முழுக்க அனுப்புவார்கள். நாக்கரசர் உயிர் வாழ்வதும் அதனால்தான். அவரிடம் இதை யாரும் சொன்னதில்லை.

தேர்தல் நெருங்கியதால், குடிமக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க மன்னருக்கு ஆசை வந்தது. மாசானம் ஒரு கிண்ணம் கூழ் கொண்டுவந்திருந்தான். மன்னர் நுனியால் தொட்டார்.

"புளிக்கிறது! கசக்கிறது! இந்தக் கெட்டுப்போனதையா என் மக்களுக்குப் போடுகிறீர்கள்?"

"கெடலை மகாராசா. செரிச்சா இப்படித்தான் இருக்கும்."

"ருசியைப் பற்றி எனக்கே பாடமா?"

"கதவு திறக்கிறவனுக்குச் சமையலும் தெரியுமாம்!" என்று பற்பிரபுக்கள் கடகடவென்று சிரித்தார்கள்.

மன்னர் எச்சில் வழிய உருகினார். "நான் ருசித்து நன்று என்று சொல்லாத எதுவும் இனி என் மக்களைத் தொடக் கூடாது. கீழ்க்கதவைப் பூட்டுங்கள்."

பூட்டினார்கள். சாவியைக் குடல்வாலார் வாங்கிக்கொண்டார். மேலிருந்து லட்டும் பாயசமும் இறங்கிக்கொண்டே இருந்தன. இரைப்பையூர் உப்பியது. பசி பற்றிய கணக்கெடுப்பு இரைப்பையூரில் மட்டும் நடந்தது. நாட்டில் பசியே இல்லை என்று முடிவு வந்தது.

ஆறாம் நாள் கதவுக்கு அந்தப்புறம் தட்டும் ஓசை கேட்டது.

"என்னங்க, ஒரு கைதான் கேக்கேன். இங்க ஆளாளுக்குச் சுருண்டு கெடக்காங்க."

"சாவி எங்கிட்ட இல்ல பேச்சி."

"அப்புறம் எதுக்கு அங்க நிக்கீங்க? பூட்டுக்குத் துணையா?"

மாசானத்துக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. மண்டபத்துக்கு ஏறினான். அங்கே ஈரலப்பர் கையிருப்பு தீர்ந்துவிட்டதாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மன்னர் வெளுத்துத் துவண்டிருந்தார்.

"சிறுகுடல் தெருவார் சோம்பேறிகள், மன்னா," என்றார் குடல்வாலார். "இனி ஒவ்வொருவரும் இரு மடங்கு சத்து அனுப்ப வேண்டும் என்று ஆணையிடுங்கள்."

"எதிலிருந்து அனுப்புவாங்க?" என்று கத்தினான் மாசானம். "மகாராசா, உங்க சோறும் அந்தக் கதவு வழியாத்தான் போகுது!"

முன்வரிசைப் பிரபு ஒருவர் எழுந்தார். "மன்னர் சாப்பிடுவது இங்கே. நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?"

முப்பத்திரண்டு கைகளும் உயர்ந்தன. யாருக்காகப் பேசினானோ அவர்களோடே போய் வாழட்டும் என்பது தீர்ப்பு. அதை வாசிக்கையில் மன்னருக்கு வாய் குழறியது. வெயில்தான் காரணம் என்று குடல்வாலார் விளக்கினார்.

அவனை வெளியேற்றத்தான் அந்தக் கதவை மறுபடி திறந்தார்கள், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு. இழுத்துப் போகும்போது மாசானம் இரு கைகளையும் முழங்கைவரை கூழில் முக்கிக்கொண்டான். காவலர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், தடுக்கவில்லை. கெட்டுப்போனதை யார் தொடுவார்கள்?

பேச்சித்தாய் வாசலிலேயே கிடந்தாள். அவன் குனிந்து கைகளை நீட்டினான். தெரு முழுக்க அந்த இரண்டு கைகளையே பார்த்தது.

மேலே மன்னரின் ருசிக்காக அடுத்த அண்டா பாயசம் இறங்கும் சத்தம் கேட்டது. அவன் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டு இரண்டு முறை திரும்பியது.