பரஞ்சோதி வழங்கிய ஆன்மப் பட்டம்

1982-இல் மலேசியாவின் பீடோங் பட்டணத்துக்குப் பெரும் பாக்கியம் கிட்டியது. பாசார் சந்தைக்கு எதிரே, துணிக்கடை மாடியில், 'ஆன்ம உளவியல் உயர்கல்விக் கழகம்' முளைத்தது. ஆறே மாதத்தில் முதுகலைப் பட்டம்! பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேறியிருக்க வேண்டுமா? வேண்டாம். ஆன்மா எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது?

கோலா கெத்திலிலிருந்தும் பாடாங் செராயிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள், தோட்டக் கணக்கெழுதும் கிராணிகள், லோரி ஓட்டுநர்கள், திருநீறு பூசியவர்கள், சிலுவை அணிந்தவர்கள். படிக்கட்டு தாங்குமா என்று துணிக்கடைக்காரர்தான் கவலைப்பட்டார்.

கழகத்தின் தலைவரும் ஒரே ஆசிரியரும் டாக்டர் பரஞ்சோதி. எந்த நாட்டில் டாக்டர் ஆனீர்கள் என்று கேட்டால் கண்ணை மூடிப் புன்னகைப்பார். நாமாக ஒரு நாட்டைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். பாடமும் அதுவே. கற்பனை செய், கண்ட கனவை எழுதி உறையில் போட்டுக் கொடு. டாக்டர் உறையை நெற்றியில் ஒற்றிக்கொள்வார். அடுத்த வாரம் 'ஆன்ம அறிக்கை' வரும். யாருக்கும் காட்டக் கூடாது. காட்டினால் ஆன்மா சுருங்கிவிடும்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்த கேதரினும் சேர்ந்தாள். மூன்று முறை விண்ணப்பித்து, அப்போதுதான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. "அங்கே போனால் உன் ஆன்மா சுண்ணாம்புத் தூளாகிவிடும். இங்கேயே விரிவுரையாளராக இரு" என்றார் டாக்டர். இடம் வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டாள். தபாலில் போடவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய அக்கா அகத்தா தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்தாள். ஆன்மா சுருங்கினாலும் பரவாயில்லை என்று கேதரின் அவளிடம் அறிக்கையைக் காட்டி அழுதாள். அதில் இருந்தது:

"ஊருக்கெல்லாம் நீ விளக்கு, உன் வீட்டில் இருட்டு. நீ சிரிக்கும்போதும் உள்ளே ஒரு குழந்தை அழுகிறது."

"என்னை இப்படிப் புரிஞ்சிக்கிட்டவங்க யாரு இருக்காங்கக்கா?"

மறுநாள் காலை, கையை வெட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார் பால் வெட்டும் மருதம்மாள். அவரும் முதுகலை மாணவிதான். எழுத்து வாசனை கிடையாது. மகளைப் படிக்கச் சொல்லிச் சொல்லியே தன் அறிக்கையை மனப்பாடம் செய்திருந்தார். கட்டுப் போடும்போது கண் கலங்கினார்.

"ஊருக்கெல்லாம் நான் வெளக்கு தாயி. எங்கூட்ல இருட்டு. சிரிக்கிறப்பவும் உள்ள ஒரு கொழந்த அழுவுது."

அகத்தாவின் கை அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கழகத்து மாடி மண்டபத்தில் பட்டமளிப்பு விழா. தங்கையோடு வந்திருந்த அகத்தா எழுந்தாள்.

"டாக்டர், எல்லாரும் அவங்கவங்க அறிக்கைய ஒருதரம் சத்தமா படிக்கட்டுமே."

"ஆன்மா சுருங்கிரும்மா!"

"மருதம்மா அக்கா ஆன்மா பெருசுதான். கொஞ்சம் சுருங்குனா ஒண்ணும் ஆவாது. சொல்லுங்கக்கா."

மருதம்மாள் மணி அடித்தாற்போல் தொடங்கினார். இரண்டாவது வரியில் கேதரினின் உதடு கூடவே அசைந்தது. சட்டைப் பைகளிலிருந்து தாள்கள் வெளியே வந்தன. நான்காவது வரிக்குள், முதலாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் மண்டபமே ஒரே குரலில் படித்தது.

லோரி ஓட்டுநர் மோரிஸ் குதித்து எழுந்தார். "'பெண்ணாய்ப் பிறந்து நீ பட்ட துயரம்'னு இருக்கு! போன பிறவின்னு நெனச்சேன்லா! பாதர்கிட்ட போயி பாவமன்னிப்பு வேற கேட்டுட்டேன்!"

டாக்டர் அசரவில்லை. "பார்த்தீர்களா? எல்லா ஆன்மாவும் ஒன்றே! இதுதான் கடைசிப் பாடம்!"

ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள். வெட்கத்தோடு சொல்லிவைக்கிறேன், அதில் நானும் உண்டு.

மருதம்மாள் மட்டும் யோசித்தார். "எல்லாம் ஒரே ஆன்மான்னா, ஒரு ஆளுகிட்ட பீஸ் வாங்குனா போதாதா சாமி?"

கைதட்டல் நின்றது. முகம் கழுவி வருவதாகச் சொல்லிப் பின்கட்டுக்குப் போன டாக்டர் திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் கண்டது படியெடுக்கும் இயந்திரத்தையும், மை காயாத இருநூறு அழும் குழந்தைகளையும்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேதரின் மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

"நான் அழுதது பொய்யில்லக்கா."

"அழுக உன்னோடதுதான். தாளுதான் ஊருக்கே பொது."

கேதரின் பயிற்சிக் கல்லூரிக்குப் போனாள். கூலிம் பட்டணத்தில் ஏதோ ஒரு மாடியில் இப்போது புதுப் பலகை தொங்குகிறதாம். பீடோங்கிலிருந்து பஸ் நிரம்பிப் போகிறதாம். போகிறவர்களே, உண்மையைக் கண்டுபிடிக்க முதுகலைப் பட்டம் வேண்டாம்; பக்கத்து ஆளின் தாளை எட்டிப் பாருங்கள். பரீட்சையில்தான் அது குற்றம்.