நபவியாவின் பிள்ளைகள்

'அம்மா பெயர்' என்ற கட்டம் சிவப்பாகவே இருந்தது. அதை நிரப்பாமல் அந்த மென்பொருள் அடுத்த பக்கத்துக்கு நகராது. நிரப்பலாம் என்றால் எதிரே நிற்கும் கசாப்புக்கடை அபூ ஸனத் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.

"என் பேர் கேட்ட, சொன்னேன். அப்பா பேர், தாத்தா பேர் கேட்ட, சொன்னேன். எங்கம்மா பேர் உனக்கு எதுக்குடா?"

"நான் கேக்கலண்ணே. கம்ப்யூட்டர் கேக்குது."

"அதுக்கு அவ்ளோ கொழுப்பா?"

நூலக மேஜைக்குப் பின்னால் ரிஃபத் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். சோஹாக் ஜில்லாக்காரன் எவனாவது நாலு பேர் முன்னால் அம்மா பெயரைச் சொல்வானா? கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்ல மாட்டான்; அம்மா பெயர் அடுத்தவன் வாயில் விழுந்தால் மானமே போன மாதிரி. பள்ளிக்கூடத்தில் அம்மா பெயர் வெளியே தெரிந்துபோய் அதற்காக மூக்கை உடைத்துக்கொண்ட பையன்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. கெய்ரோவில் ஏசி அறையில் உட்கார்ந்து இந்த மென்பொருளை எழுதிய புண்ணியவானுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

தெரியாவிட்டால் அவனுக்கென்ன நஷ்டம்? ரிஃபத்துக்குத்தான் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாகாண அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். அதற்குள் நூலக உறுப்பினர் எல்லோரையும் ஏற்றி, கம்ப்யூட்டர் வழியாகப் புத்தகம் கொடுத்துக் காட்டினால் அவனுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். வேலை நிரந்தரமானால்தான் ஹாஜி மக்காவி தன் மகள் நவ்வாராவைக் கொடுப்பார். "முதல்ல ஆர்டர், அப்புறம் ஃபாத்திஹா ஓதி நிச்சயம். அதுவரைக்கும் இந்தப் பேச்சு நம்ம மூணு பேரைத் தாண்டக் கூடாது" என்று கறாராகச் சொல்லியிருந்தார். ரிஃபத் ஒரு வருஷமாக மூச்சு விடவில்லை. அந்த வாரம் சாப்பாடும் இறங்கவில்லை.

கெய்ரோவுக்கு ஃபோன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள்.

"அது கட்டாயம் சார். உங்க ஊர்ல எத்தனை முகம்மது அஹமது இருப்பாங்க?"

"ஒரு கல்லை விட்டெறிஞ்சா நாலு பேர் மேல படும்."

"அதான் சார். அம்மா பேரை வெச்சுத்தான் பிரிக்கணும்."

"இங்க அம்மா பேரைக் கேட்டா என் தலையைப் பிரிச்சுடுவாங்க."

அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

சரி, ஆனது ஆகட்டும் என்று 'தெரியாது' என்று அடித்துப் பார்த்தான். அட! சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அடுத்தவனுக்கும் 'தெரியாது'. அதற்கடுத்தவனுக்கும் 'தெரியாது'. மதியத்துக்குள் பாதி ஊரை ஏற்றிவிட்டான். உறுப்பினர் அட்டைகளை அச்சடித்து ஆளனுப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து முதல் தடவையாக, மொச்சை மசியல் அடைத்த ஒரு ஃபூல் ரொட்டியை வாயில் வைத்தான்.

அதை விழுங்குவதற்குள் அபூ ஸனத் வந்துவிட்டான். கத்தியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்ததே அவன் பெரிய மனசு.

"படி. இதுல என்ன போட்டிருக்கு, சத்தமாப் படி."

ரிஃபத் அட்டையை வாங்கிப் பார்த்தான். தொண்டையில் ரொட்டி நின்றது. பெயருக்குக் கீழே, நல்ல தடித்த எழுத்தில், 'தாய்: தெரியாது' என்று இருந்தது.

"எனக்குத் தாய் தெரியாதா? என்னைக் கால்வாய்க் கரையில கண்டெடுத்தாங்களாடா?"

பின்னாலேயே இன்னும் பத்துப் பேர் அட்டையும் கையுமாக வந்தார்கள். நூலகத் தலைவர் உஸ்தாத் ஷெனூதா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தன்னுடைய அட்டையையும் அப்போதுதான் பார்த்திருந்தார் போல; முகம் சரியில்லை.

"ரிஃபத், எங்கம்மா பக்கத்துத் தெருவுலதான் இருக்காங்க. உனக்கு பஞ்சு மாதிரி மெத்துன்னு ரவையில பஸ்பூஸா பண்ணிக் குடுத்த கை. அவங்களையா தெரியாதுங்கற?"

"மாத்திடறேன் உஸ்தாத். இன்னிக்கே மாத்திடறேன்."

எதை வைத்து மாற்றுவது? சாயங்காலம் நவ்வாரா நாவல் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அவன் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன உஸ்தாத் ரிஃபத், கம்ப்யூட்டரைக் கண்ணாலயே எரிக்கறீங்க?"

அவன் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பள்ளிக்கூட வாத்தியாரம்மா. சிரித்து முடித்த கையோடு யோசனையும் சொன்னாள்.

"யார் அம்மா பேரும் வேண்டாம்னா, உங்க அம்மா பேரையே எல்லாருக்கும் போட்டுடுங்க. அவங்க பேரைச் சொன்னா நீங்கதானே சண்டைக்கு வரணும்? உங்களோட நீங்களே சண்டை போட்டுக்கங்க."

"உனக்கும் அதேதானா?"

"எனக்கும்தான். எப்படியும் மாமியார் ஆகியிருப்பாங்க. முன்கூட்டியே அம்மாவா இருந்துட்டுப் போகட்டும்."

ரிஃபத்துக்குக் காது வரை சிவந்துவிட்டது. இவளுக்காக எதையும் செய்யலாம் என்று தோன்றியது. அன்றைக்கே உட்கார்ந்து, அட்டையில் அந்த வரி அச்சாகாதபடி நிறுத்திவிட்டு, ஊர் முழுவதற்கும் தன் காலஞ்சென்ற தாயாரின் பெயரைப் போட்டான். நபவியா. நபவியா. நபவியா. 'அம்மா, நீதான் காப்பாத்தணும்' என்று சொல்லிக்கொண்டே போட்டான்.

மறுநாள் ஒத்திகை. முதல் புத்தகம் ஜம்மென்று போனது. இரண்டாவது, மூன்றாவதும் போயின. நாலாவதாக உஸ்தாத் ஷெனூதாவே 'தேனீ வளர்ப்பு' என்ற நூலை ஆசையாக எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். திரை மறுத்தது: 'குடும்பத்துக்கு மூன்று நூல்கள் மட்டுமே.'

"எந்தக் குடும்பம்டா?"

ரிஃபத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரே தாயென்றால் ஒரே குடும்பம் என்று அந்தச் சனியன் பிடித்த மென்பொருள் தானாகவே முடிவுகட்டியிருந்தது. மொத்த ஊரும் இப்போது ஒரு வீடு. கெய்ரோவுக்கு ஃபோன் செய்தால் மறுபடி சிரிப்பாள். அவனே அமைப்புகளுக்குள் நுழைந்து துழாவினான். 'குடும்ப வரம்பு' என்ற இடத்தில் மூன்றை அழித்துவிட்டு ஆயிரம் என்று போட்டான். அதன் கீழே 'குடும்பத்தினருக்குத் தெரிவிக்கவும்' என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. நல்ல காரியமாகத்தானே தெரிகிறது என்று அதையும் டிக் செய்தான். தேனீ ஷெனூதாவோடு போனது. ரிஃபத் நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை ஜும்ஆ வரைதான். தொழுகை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எல்லா ஃபோனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன.

'அன்புள்ள உறுப்பினரே, அன்னை நபவியாவின் மகனும் உங்கள் சகோதரருமான ஷெனூதா "தேனீ வளர்ப்பு" நூலை எடுத்துள்ளார்.'

"யாருப்பா இந்த நபவியா?" என்று ஒருவன் கேட்டான்.

"எங்கப்பன் இன்னொரு வீடு வெச்சிருந்தாரோ?" என்று இன்னொருவன் தலையைச் சொறிந்தான்.

"ஷெனூதா எனக்கு அண்ணனா? எப்பய்யா ஆச்சு இது?"

ரிஃபத் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் யார் செருப்போ போட்டுக்கொண்டு நூலகத்துக்கு ஓடினான். பூட்டியிருந்தது. சாவி ஷெனூதாவிடம். ஷெனூதாவோ சர்ச்சில், பாதிரியாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா பேரு மார்த்தா இல்லியான்னு கேக்குறார்டா! ஞானஸ்நானம் குடுத்தவரே அவர்தான்! என்ன பண்ணித் தொலைச்ச?"

"சாவியைக் குடுங்க உஸ்தாத், ஒரே நிமிஷம்!"

உள்ளே ஓடிப்போய் டிக்கை எடுத்தான். அதோடு விட்டிருக்கலாம். பதற்றத்தில் கை நிற்கவில்லை. 'குடும்பத்தைப் பிரி' என்று ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. இதைத்தானே தேடினோம் என்று அழுத்தினான். 'ஒவ்வொருவரையும் தனித்தனியே நீக்க வேண்டும்' என்றது திரை. அதோடு, அவனைக் கேட்காமலே, எல்லோருக்கும் இன்னொரு செய்தியும் அனுப்பிவிட்டது.

'அன்னை நபவியாவின் குடும்பம் பிரிக்கப்படுகிறது. உங்கள் பங்கை அறிய நூலகத்துக்கு நேரில் வரவும்.'

பங்கு! சொத்துப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் எங்கள் ஊரில் படுத்த படுக்கையாகக் கிடப்பவன்கூட எழுந்து வருவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலக வாசலில் ரிஃபத்தால் உள்ளே நுழையவே முடியவில்லை. கழுதை வண்டிகள், டுக்டுக், தூக்குவாளியில் டீ. அபூ ஸனத் குடும்பத்தோடு வந்திருந்தான். "தம்பி ரிஃபத்து," என்று தோளில் கை போட்டான், "நம்ம அம்மாவுக்கு எத்தனை ஏக்கர் இருந்துச்சு?"

"ஒரு காணி நெலம்கூடக் கிடையாதுண்ணே! அது எங்கம்மா!"

"பாத்தியா, பங்குன்னதும் உங்கம்மாங்கறான்" என்று அவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். கூட்டம் முறைத்தது.

அந்த நேரத்தில் அதிகாரி காரிலிருந்து இறங்கினார். ரிஃபத் கண்ணை மூடிக்கொண்டான். வேலை போச்சு, நவ்வாராவும் போச்சு, ஊரை விட்டு அஸ்வான் பக்கம் ஓடிவிட வேண்டியதுதான் என்று நினைத்தான். அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஷெனூதா, இத்தனை பேரும் நூலகத்துக்கா வந்திருக்காங்க?"

"ஆமாங்க" என்றார் ஷெனூதா. பொய் இல்லையே.

"நானும் மாகாணம் பூரா சுத்தறேன். எல்லா நூலகத்துலயும் பூனைதான் தூங்குது. யார் இந்தப் பையன்?"

நின்ற நிலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இன்னும் நாலு ஊருக்குப் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார். ரிஃபத் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றான். பிறகு அழுதான். அவனுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதான்.

கூட்டத்துக்கு ஷெனூதா மேஜை மேல் ஏறி நின்று விஷயத்தை விளக்கினார். நிலமும் இல்லை, நபவியா யாருக்கும் சின்னம்மாவும் இல்லை என்று தெரிந்ததும் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் பாதிப் பேர் கலைந்தார்கள். அப்போதுதான் ஹாஜி மக்காவி மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மகளின் ஃபோனை ரிஃபத்தின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என் பொண்ணை உன் தங்கச்சின்னு போட்டிருக்க. நிக்காஹ் எழுத வர்ற ஷேக் முதல்ல என்ன கேப்பாரு தெரியுமா? ரெண்டு பேருக்கும் நடுவுல ரத்த உறவு இருக்கா, ஒரே தாய்கிட்டப் பால் குடிச்ச உறவு இருக்கான்னு கேப்பாரு. ரெண்டுல எது இருந்தாலும் கல்யாணம் கிடையாது. இதைக் காட்டட்டுமா அவருக்கு?"

"என் யோசனைதான்ப்பா அது" என்றாள் நவ்வாரா.

"நீ சும்மா இரு."

ரிஃபத் ஆர்டரை நீட்டினான். ஹாஜி இரண்டு தடவை படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். மீசை லேசாக அசைந்தது.

"சரி, அந்தப் பெட்டியிலேருந்து இவளை முதல்ல அழி. நல்ல காரியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஷெனூதா சாட்சி. இங்கேயே ஃபாத்திஹா ஓதிடலாம்."

ரிஃபத் நாற்காலியில் விழுந்து நவ்வாராவின் பெயரைத் தேட ஆரம்பித்தான். பெயர் வந்தது. 'நீக்கவா?' என்று திரை கேட்டது.

"எவடா அவ நபவியா?"

வாசலில் மருத்துவச்சி உம் ஹிலால் இடுப்பில் கையோடு நின்றாள். ஊரில் பாதிப் பேரைப் பூமிக்கு இறக்கியவள். கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள், மூச்சு வாங்கியது.

"என் ஹிலாலை ஒம்பது மாசம் சொமந்து பெத்தவ நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். அவனைத் தன் புள்ளைன்னு எவ சொல்றா? வரச்சொல்லு அவளை!"

"அவங்க எங்கம்மா. காலமாயிட்டாங்க. எல்லாம் கம்ப்யூட்டர் பண்ணின கூத்து" என்றான் ரிஃபத்.

அவள் கோபம் அப்படியே இறங்கியது. "மாவு மில்லுக்குப் பின்னால இருந்தாளே, அந்த நபவியாவா? தங்கமான பொம்பளை. அல்லாஹ் அவளுக்குச் சொர்க்கத்தைக் குடுக்கட்டும். சரி, என் புள்ளைய எனக்குக் குடுத்துடு."

"எல்லாரையும் அவங்கவங்க அம்மாகிட்டக் குடுத்துடறேன். உக்காருங்க. நல்ல சேதி ஒண்ணு இருக்கு. எனக்கும் ஹாஜியோட பொண்ணு நவ்வாராவுக்கும் இப்ப ஃபாத்திஹா."

ஹாஜி மக்காவி கைகளை ஏந்தினார். ரிஃபத்தும் ஏந்தினான். ஷெனூதா மரியாதையாகத் தலையைக் குனிந்தார். உம் ஹிலால் மட்டும் கையைத் தூக்கவில்லை. நவ்வாராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மக்காவி, நீ லிபியாவுல வேலை பாத்துட்டிருந்தப்போ உன் பொண்டாட்டிக்குப் பால் வத்திப்போச்சு. மாமியாருக்குத் தெரிஞ்சா ஏசுவாள்னு, இந்தப் புள்ளையக் கறுப்புப் போர்வைக்குள்ள மறைச்சு தெனமும் மாவு மில்லுக்குப் பின்னால தூக்கிட்டுப் போனவ நான்" என்றவள் ரிஃபத் பக்கம் திரும்பினாள். "தம்பி, மத்த எல்லாரையும் அழிச்சுக்கோ. இவ பேர்ல கை வெக்காதே. உங்கம்மா புள்ளைன்னு அந்தப் பெட்டி சொன்னதுல இவ ஒருத்திதான் நெசம்."