பள்ளத்துச் சோளத்தை வந்து பார்

அன்புள்ள தம்பிக்கு, உன் அக்காள் எழுதிக்கொள்வது. இங்கே நான், மகன், மருமகள், பேத்தி, மாடுகள் எல்லோரும் சுகம். அங்கே நீ சுகமில்லை என்று பால்காரர் சொன்னார். கேட்டு வருத்தப்பட்டேன். கூடப் பிறந்தவள் வருத்தப்படாமல் இருப்பேனா.

அப்பா நிலத்தைப் பிரித்த அன்று நீ நீலச் சட்டை போட்டிருந்தாய். மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. மேட்டு நிலத்தை நீ எடுத்துக்கொண்டு பள்ளத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ அதுல மீன் வளர்க்கலாம்க்கா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் மனைவி மட்டும் நிறுத்திவிட்டு மறுபடியும் சிரித்தாள். அதற்குப் பிறகு வந்த மழைக்காலமெல்லாம் என் பயிர் தண்ணீரில் நின்று அழுகியதும், சேற்றிலேயே நின்று என் மாடுகளுக்குக் குளம்பில் புண் வந்ததும், நீ மேட்டில் குடை பிடித்துக்கொண்டு "மீன் ஏதாச்சும் மாட்டுச்சாக்கா" என்று விசாரித்ததும் ஒன்றுவிடாமல் நினைவில் இருக்கிறது.

இந்த வருஷம் மழை என் கட்சிக்கு வந்துவிட்டது. அதாவது, பெய்யவே இல்லை. உன் மேட்டில் போட்ட மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகிவிட்டதாம், மண் வெடித்துக் கன்றுக்குட்டியின் கால் மாட்டிக்கொண்டதாம். என் பள்ளத்தில் போன மழையின் ஈரம் அடியில் இன்னும் இருக்கிறது. சோளம் என் தலைக்கு மேல் நிற்கிறது. கதிரை உரித்தால் மணிகள் பல்வரிசை மாதிரி இருக்கின்றன, உன் பல்வரிசை மாதிரி அல்ல. தீவனம் இல்லை என்று நீ இங்கே ஆளிடம் அனுப்பிவைத்த பசுக்கள் இரண்டும் என் புல்லைத் தின்று உருண்டு திரண்டுவிட்டன. சிவப்புப் பசு என்னைக் கண்டால் கூப்பிடுகிறது. நன்றியுள்ள ஜீவன். உன் வீட்டில் வளர்ந்தது என்றால் நம்ப முடியவில்லை.

சோளம் முற்றிவிட்டது, ஒடித்துவிடலாம் என்று மருமகள் தினமும் நச்சரிக்கிறாள். காற்று திசை மாறிவிட்டதாம், மேகம் இறங்குகிறதாம். "நனைஞ்சா எல்லாம் முளைச்சுப் போயிடும் அத்தை. வருஷத்துச் சாப்பாடே அதுதானே" என்றாள். என் தம்பி வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு கதிர் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவள், "மாமா பார்த்தா இன்னும் வளருமா அத்தை" என்று கேட்கிறாள். வாயைப் பார். இந்த வருஷம் எத்தனை மேகம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது, எனக்குத் தெரியாதா. காலையிலேயே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. உன் மனைவி கட்டாயம் வர வேண்டும். வரப்பில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், வயலைப் பார்த்த மாதிரி. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். கேட்டால் தடுக்க மாட்டேன்.

உன் பிள்ளைகள் குறைவில்லாமல் இருக்கட்டும், உன் மேட்டுக்கும் ஒரு நாள் ஈரம் கிடைக்கட்டும் என்று மனதார வாழ்த்தும்,
அக்காள்.

பின்குறிப்பு: எழுந்து கதவைத் திறந்தால் திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கூடம் முழுக்கச் சோளக் கதிர், சோபாவே தெரியவில்லை. நான் உள்ளே உட்கார்ந்து வயலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மருமகள் ஆள் கூட்டி வயலையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். வெளியே வெறும் தட்டைதான் நிற்கிறது. இவளை நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன், கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அரை மணியில் வரப்பைக் காணோம், நாற்காலியையும் காணோம். "திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க அத்தை, இப்ப இந்தச் சாக்கைப் பிடிங்க" என்றாள். பிடித்தேன். ஆகவே நீ பார்ப்பதற்கு இங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் வா. யாராவது இவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், எனக்கு அது வாயில் வராது.