பாம்பெர்க் வேண்டாம், ரோஸ்விதா

கோப்பிங்கன்,
வியாழக்கிழமை காலை

அன்புத் தங்கை ரோஸ்விதாவுக்கு அண்ணன் எகோன் எழுதுவது. சுகமாக இருக்கிறேன் என்று தொடங்குவதுதான் மரியாதை என்பதால் அப்படியே வைத்துக்கொள். முழங்கால், கடைவாய்ப்பல், ஓயாத மழை மூன்றையும் விட்டுவிட்டால் சுகம்தான். உனக்குக் கண்ணில் போடும் ஊசி இந்த மாதம் அவ்வளவாக வலிக்கவில்லை என்று நம்புகிறேன். வரும் சனிக்கிழமை நாம் பாம்பெர்கில் சந்தித்து இரண்டு நாள் ஊர் சுற்றிப் பார்ப்பதாகப் பேசிவைத்தோமே, அது வேண்டாம்.

உடனே கோபப்படாதே. வருகிற குளிர்காலத்துக்குள் எதிரில் இருப்பவர் முகமே தெரியாமல் போகலாம் என்று மருத்துவர் சொன்ன அன்று, "அதுக்குள்ள ஒரு பழைய ஊரையாவது முழுசாப் பாத்துடணும், நீ கூட வா" என்று கேட்டாய். நானும் சரி என்றேன். அதை நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் போன சனிக்கிழமை உன்னிடம் சொல்லாமல் தனியாகப் பாம்பெர்க் போய் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தேன். சிரிக்காதே. எங்கே படி, எங்கே பெஞ்சு, எங்கே கழிப்பறை என்று தெரியாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிற ஆள் நானில்லை.

ஆரம்பமே சரியில்லை. எங்கள் கட்டடத்தில் போன வாரம் படிக்கட்டு பெருக்கும் முறை என்னுடையது. யார் முறையோ அவர் கதவில் மாட்டும் பலகை என் கதவில்தான் தொங்கியது. சனிக்கிழமை ஊரில் இருக்கமாட்டேனே என்று வெள்ளிக்கிழமையே பெருக்கித் துடைத்துவிட்டு, பலகையைக் கழற்றி எதிர்வீட்டு பிளைடரர் அம்மா கதவில் மாட்டினேன். மாட்டிய கை ஆணியை விடவில்லை, கதவு திறந்துவிட்டது.

"என்ன வீஸ்னர், வெள்ளிக்கிழமையே என் கதவுல?"

"பெருக்கியாச்சும்மா. துடைச்சும் ஆச்சு."

"வெள்ளிக்கிழமை பெருக்கினது சனிக்கிழமைக்குச் சேராது. நடுவுல யாராவது சேத்துக் காலோட ஏறினா?"

"யாரு ஏறப்போறா? இந்த மாடியில நாம ரெண்டு பேருதானே?"

"அதான் சொல்றேன். நான் சேத்துக் காலோட ஏறமாட்டேன்."

சனிக்கிழமை விடியுமுன் எழுந்து, அழுக்கே இல்லாத படிக்கட்டை மறுபடி பெருக்கிவிட்டு ரயிலுக்கு ஓடினேன். ஸ்டுட்கார்ட்டில் மாறவேண்டிய வண்டி தாமதம். கடைசியில் வந்தபோது நான் இருக்கை பதிவுசெய்திருந்த பெட்டி மட்டும் அதில் இல்லை. "என் பெட்டி எங்கேங்க?" என்று நடத்துநரிடம் கேட்டேன். "அது வரலைங்க" என்றார். "அப்போ என் இருக்கை?" "அது பெட்டியோடதான் இருக்கும்" என்றார். நியூரம்பெர்க் வரை கழிப்பறைக் கதவில் சாய்ந்து நின்றபடி போனேன். உன்னை அப்படி நிற்கவைக்க முடியுமா, சொல்.

பாம்பெர்கில் மழை. மலைமேல் இருக்கும் பேராலயத்துக்கு ஏறினேன். பாதி வழியில் ஒரே ஒரு பெஞ்சு, அதுவும் நனைந்திருந்தது. உள்ளே கல்யாணம். உள்ளே இருக்கும் பேர்பெற்ற கல் குதிரைவீரன் சிலையை ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று வாசலில் நின்றவரிடம் கெஞ்சினேன். "பொண்ணு மாப்பிள்ளையே இன்னும் ஒருத்தரையொருத்தர் நல்லாப் பாக்கலை, உங்களுக்குக் குதிரை அவசரமா?" என்று கதவைச் சாத்திவிட்டார். பசியோடு இறங்கி வந்து ஒரு மதுக்கூடத்தில் காலியாக இருந்த மூலை மேசையில் உட்கார்ந்து ஒரு பீர் வாங்கினேன். அது வாடிக்கைக்காரர்களின் சொந்த மேசையாம். எனக்குத் தெரியாதா இந்த வழக்கம்? நம் ஊரில் அப்படி உட்கார்ந்தவரை நானே எழுப்பியிருக்கிறேன். பசியில் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை. மூன்று பேர் வந்து தலைமேல் நின்றார்கள்.

"ஐயா, இது எங்க மேசை."

"மன்னிச்சுக்கோங்க. யாருமே இல்லையேன்னு..."

"நாங்க இல்லாதப்பவும் அது எங்க மேசைதான். பேச்சைப் பார்த்தா ஸ்வாபியாக்காரர் மாதிரி இருக்கே?"

"ஆமாங்க."

"அதான் ஒரு பீரை வெச்சுக்கிட்டு மோந்து பாத்துட்டே இருக்காரு!"

மூவரும் சிரித்தார்கள். ஸ்வாபியாக்காரர்கள் என்றாலே கஞ்சர்கள் என்று ஊரெல்லாம் கேலிதான்; ஆனால் நான் மோந்து பார்த்தது கஞ்சத்தனத்தால் அல்ல, அந்தப் பீரில் புகைபோட்ட பன்றித்தொடை வாசம் அடித்ததால்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பழைய நகர மன்றம் ஆற்றின் நடுவில் நிற்கிறதல்லவா, நீ பார்க்கவேண்டும் என்று சொன்னது அதைத்தானே? உன் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று பார்க்க நினைத்தேன். நடுவில்தான் மறைக்கும், ஓரங்கள் தெரியும் என்று நீ சொல்லியிருந்தாய். தபால்தலை ஓரத்துக் காகிதத்தை வட்டமாகக் கிழித்து, என் மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லைகளிலும் நடுவில் ஒட்டிக்கொண்டு பாலத்தில் நடந்தேன். நாலடி போவதற்குள் ஒரு சைக்கிள்காரி மேலே வந்து மோதினாள். "கண்ணாடியில காகிதத்தை ஒட்டிக்கிட்டு நடக்குறீங்களே, வயசானா புத்தி போயிடுமா?" என்று கத்தினாள். அவள் குரல் கேட்டது, மஞ்சள் மழைக்கோட்டின் ஓரம் தெரிந்தது, முகம் இல்லை. நகர மன்றத்தின் பக்கம் திரும்பினேன். இரண்டு பக்கமும் ஆறு ஓடியது, நடுவில் ஒன்றுமே இல்லை. காகிதத்தைப் பிய்த்துப் போட எனக்கு இரண்டு விநாடி போதும். உனக்கு?

ரோஸ்விதா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு "எங்கே, காட்டு" என்று கேட்பாய். நான் காட்டுவேன். உனக்குத் தெரியாது. தெரிகிறது என்று எனக்காகப் பொய் சொல்வாய். சின்ன வயதிலிருந்து நீ பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அதைத் தாங்க என்னால் முடியாது. அதனால் வேண்டாம். வீட்டில் இரு, உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள் ஸ்வென்யாவுக்கு மாமாவின் ஆசிகளைச் சொல். கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அண்ணன்,
எகோன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போனபோது பிளைடரர் அம்மா படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "இது லைப்சிக் போய்ச் சேரத் திங்கள் ஆயிடும். சனிக்கிழமை உங்க தங்கச்சி அந்த ஸ்டேஷன்ல தனியா நிக்கணுமா?" என்றார். மேலே ஓடிவந்து லைப்சிக்கில் உன் வீட்டுக்குப் போன் செய்தேன், எடுப்பாரில்லை. நீ நேற்றே யேனாவுக்கு ஸ்வென்யா வீட்டுக்குப் போய்விட்டாய் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கே செய்தேன். அவள்தான் எடுத்தாள். "அம்மா மாடியில இருக்காங்க மாமா. புது ஷூ வாங்கியிருக்காங்க, பாம்பெர்க்ல கடிக்கக்கூடாதுன்னு காலையிலேர்ந்து வீட்டுக்குள்ளயே போட்டு நடக்கிறாங்க. ஏதாவது சொல்லணுமா?" என்றாள். குடை எடுத்து வரச் சொல் என்றேன்.

ஆகவே சனிக்கிழமை நடைமேடையில் நிற்பேன். இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உனக்குப் படித்துக் காட்டுகிறேன். பயமாக இருக்கிறது என்று எழுதிய பத்தி வரும்போது தாண்டிவிடுவேன். தாண்டினது தெரிந்தாலும் கேட்காதே.