கறுப்புத் துணிக்குள் ஒரு பேயோட்டி

அந்த வணிக வளாகத்தில் பேய் குடியேறிவிட்டது என்ற பேச்சு மாடிக்கு மாடி பரவியது. ஏப்பசாப்பையான பேய் இல்லை, படித்த பேய். சுடுகாடு, பாழுங்கிணறு என்று அலைந்து காலத்தை வீணாக்காமல் நேராகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்துகொண்டது.

முதலில் டிராவல்ஸ்காரரின் கம்ப்யூட்டர் படுத்தது. பட்டனைத் தட்டினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும். திரை மட்டும் கறுத்துப்போய், துவங்குவதற்கு ஒரு சாதனமும் அகப்படவில்லை என்று ஒற்றை வரியில் கையை விரித்துவிடும். அடுத்து டியூஷன் சென்டர். அதற்கடுத்து வக்கீல் ஆபீஸ். நல்லவேளையாக, கம்ப்யூட்டர் பேயை ஓட்டுவதற்கென்றே மெஷின் சாமியார் என்று ஒருவர் இருந்தார்.

அவர் வந்தால் வராந்தாவில் நிற்க இடம் இருக்காது. கம்ப்யூட்டர் திரையையும் கீபோர்டையும் தம்மையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் மூடிக்கொள்வார். சுற்றி நிற்பவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பார்த்தால் பேய் பார்த்தவர் மேல் ஏறிவிடுமாம். பட்டதாரிகள், வக்கீல், டியூஷன் வாத்தியார் எல்லாரும் வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகளைப் போலச் சுவரைப் பார்த்து நிற்பார்கள். துணிக்குள்ளிருந்து மந்திரம் கேட்கும். துணி விலகும்போது கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும். காணிக்கைத் தட்டு நிறையும்.

இப்போது பேய் இரண்டாம் மாடி போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டது. அங்கே படங்களைத் திருத்துவது ஸ்டூடியோக்காரரின் மனைவி. வளாகத்துக்கே அவள் ஸ்டூடியோ அக்கா. அவளுக்குப் பேயைப் பற்றிக் கவலை இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்கைப் பற்றித்தான். அதில் ஒரு கல்யாணத்தின் படங்கள் இருந்தன. கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். மகளின் தோளில் கைபோட்டு அவர் சிரிக்கிற படங்கள் அந்த டிஸ்கைத் தவிர வேறெங்கும் இல்லை. இன்னொரு நகல் எடுத்து வைக்காத தன் சோம்பலை அவள் மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். சாயந்திரம் அந்தப் பெண் வருகிறாள்.

"சாமிகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டேன்" என்றார் புருஷன். "செத்தவரோட நிழல் டிஸ்குல ஒட்டிக்கிட்டிருக்காம். அதைக் கழட்டி எரிச்சிடணும்னு சொல்றார். மந்திரிச்ச புது டிஸ்க் அவரே தருவாராம்."

"எரிக்கிறதா? அந்தப் பொண்ணு வந்து அப்பா எங்கேன்னு கேட்டா சாம்பலைக் கையில குடுப்பீங்களா?"

"நமக்கு எதுவும் ஆயிடக்கூடாதும்மா. நான் போய் அவரைக் கூட்டிட்டு வரேன்" என்று அவர் படி இறங்கினார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பல் கிளினிக் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"எங்களுக்குத்தான் குடுத்து வைக்கலக்கா. போன வாரம் சாமி கடை கடையா வந்து இலவசமா கம்ப்யூட்டருக்கு ஆசி குடுத்தப்போ கிளினிக் பூட்டியிருந்துச்சு."

"உங்க கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, ஜம்முனு ஓடுது."

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆசி வாங்கிய கம்ப்யூட்டரெல்லாம் படுத்துக் கிடக்கிறது. ஆசி வாங்காத ஒன்று ஜம்மென்று ஓடுகிறது. இவ்வளவு பெரிய கணக்கு எப்படி ஒருவர் கண்ணிலும் படவில்லை? உடனே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, திரையில் வருகிற வரியைச் சொன்னாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லக்கா" என்று அவன் சிரித்தான். "ஆன் பண்ணினதும் டெலிட் கீயைத் தட்டிக்கிட்டே இரு. ஒரு பக்கம் திறக்கும். அதுல பூட் மோடுன்னு ஒரு வரி. யூஇஎஃப்ஐன்னு இருக்கணும். யாராவது அதை லெகசின்னு மாத்தியிருந்தா, மெஷின் பழைய முறையில தேடும். உன் டிஸ்க் புது முறையில போட்டது, அதோட கண்ணுல படாது. திருப்பி மாத்திட்டா சரியாயிடும்."

அதற்குள் சாமியார் வந்துவிட்டார், பின்னால் பாதி வளாகம்.

"டிஸ்கைக் கழட்டுங்க" என்றார் சாமியார்.

"எரிக்கிறதுக்கு முன்னாடி மத்தவங்களுக்குச் செஞ்ச மாதிரி ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க சாமி" என்று அக்கா கும்பிட்டாள். "தனிக் காணிக்கை வச்சிடறோம்."

காணிக்கை என்றதும் சாமியாருக்கு இரக்கம் பொங்கியது. துணியைப் போர்த்திக்கொண்டார். எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். அக்காவும் திரும்பினாள், ஆனால் கண்ணை மூடவில்லை. மேஜையை ஒட்டி நின்று அதன் அடியில் கையைவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து கீபோர்டு வயரைச் சத்தமில்லாமல் உருவினாள்.

மந்திரம் தொடங்கியது. கூடவே டக் டக் என்று ஒரு சத்தம். மந்திரம் நீண்டது. டக் டக் வேகமெடுத்தது. மந்திரம் நின்றேவிட்டது, டக் டக் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் துணிக்குள்ளிருந்து, சாமியாரின் குரலாகவே இல்லாத ஒரு சாதாரணக் குரல் எரிச்சலோடு கேட்டது:

"யாருங்க கீபோர்டைப் பிடுங்கினது?"

சுவரைப் பார்த்து நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பியது. அக்கா துணியை இழுத்துவிட்டாள். பேயோட்டியின் விரல் டெலிட் கீ மேலேயே இருந்தது.

"ஏன் சாமி, மந்திரத்துக்கு வயர் வேணுமா?" என்றாள்.

அவள் வயரைச் செருகி, மறுபடி ஆன் செய்து, எல்லார் கண்ணெதிரேயும் டெலிட் கீயைத் தட்டினாள். பக்கம் திறந்தது. லெகசி என்றிருந்தது. யூஇஎஃப்ஐ என்று மாற்றிச் சேமித்தாள். கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்துகொண்டது.

"ஆசி குடுக்க வந்தப்போ இதைத்தான் மாத்திவிட்டுப் போயிருக்கார். இப்போ பேய் ஓட்டறேன்னு திருப்பி மாத்தறார். நோயும் இவரே, வைத்தியரும் இவரே."

வக்கீல் சாமியாரின் சட்டைக் காலரைப் பிடித்தார். ஸ்டூடியோக்காரர் மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசி, துணியை மடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். டியூஷன் வாத்தியார் மட்டும் மெல்ல நெருங்கி வந்து கேட்டார்.

"ஏம்மா, அப்போ எங்க மெஷினுக்கு அவர் மந்திரிச்சுக் கட்டின கயிறு இருக்கட்டுமா, எடுத்திடலாமா?"

அக்கா படத்தைத் திறந்தாள். அப்பா மகளின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இந்தச் சிரிப்பைக் கொளுத்தியிருப்பார்கள், அதுவும் காணிக்கை வைத்து.

ஆகவே, படித்த பெருமக்களே, திரும்பி நின்று கண்ணை மூடிக்கொள் என்று எவனாவது சொன்னால், முதலில் கண்ணைத் திறந்து அவன் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.